காசநோய் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 24 வந்தால் எல்லா நாளிதழ்களிலும் காசநோய்க்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிவிடுகிறார்கள். எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், சத்துணவுக்கு அரசு என்ன உதவி தருகிறது என்பதெல்லாம் விவரமாக வருகிறது, வரவும் வேண்டும். ஆனால் அந்த நோயாளியின் உடம்பில் இருந்தது எந்தக் கிருமி என்று யாரும் கேட்பதில்லை. டிபி என்றால் டிபி கிருமிதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கேட்க நிறைய இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் காசநோய் கல்ச்சர் ஆய்வகத்தில், அதாவது சளி போன்ற மாதிரிகளிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கு அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தால் சிபிநாட் அல்லது ட்ரூநாட் மெஷினில் போட்டு ஓரிரு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடுகிறார்கள். ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. மிகப் பெரிய முன்னேற்றம், நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் வருவது ‘மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் காம்ப்ளெக்ஸ்’ என்பதுதான். காம்ப்ளெக்ஸ் என்பது தனி ஒரு கிருமி இல்லை, ஒரு குடும்பம். மனிதர்களிடையே பரவும் டியூபர்குளோசிஸ், மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் ஆப்பிரிக்கானம், மாடுகளுக்கு வரும் போவிஸ், ஆடுகளோடு தொடர்புடைய காப்ரே, கடல் சிங்கங்களில் கண்ட பின்னிபீடி என்று பலர் அதில் இருக்கிறார்கள். மெஷின் இவர்களைப் பிரித்துச் சொல்லாது. இந்தக் குடும்பத்தில் பிந்திப் பெயர் பெற்ற ஓர் உறுப்பினர்தான் ஓரிகிஸ், நம் ஊருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதுதான்.

ஓரிகிஸைப் பற்றிச் சொல்லும் முன் இந்தக் கிருமிகளை அடையாளம் காண்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘விஞ்ஞானிகள் இதையெல்லாம் முன்னாடியே கண்டுபிடித்திருக்க வேண்டாமா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியா நல்ல சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும், இரவு தட்டில் தடவி வைத்தால் காலையில் வந்து பார்த்துவிடலாம். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிய 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முட்டையும் மாலகைட் கிரீன் சாயமும் சேர்த்து உறைய வைத்த பச்சை நிற ஊடகத்தில், அதாவது கிருமி வளர்வதற்கான தீனியில், அதைத் தடவி 37 டிகிரியில் வைத்தால் முதல் வாரம் ஒன்றுமே தெரியாது, இரண்டாவது வாரமும் பெரும்பாலும் தெரியாது. அப்புறம்தான் சொரசொரப்பாக, ஈரமில்லாமல், வெளிர் மஞ்சளாகச் சிறு திட்டுகள் எழும். வளரவில்லை என்று எழுதுவதற்கு 8 வாரம் காத்திருக்க வேண்டும். திரவ ஊடகக் குழாயில் சீக்கிரம் வளரும், ஆனால் அதிலும் இல்லை என்று சொல்ல 42 நாள் ஆகும். மைக்கோபாக்டீரியம் பேரினத்தில், திட ஊடகத்தில் கண்ணுக்குத் தெரிய 7 நாளுக்கு மேல் எடுப்பவற்றை மெதுவாக வளர்பவை என்று தனியாக வைத்திருக்கிறார்கள், மனிதனைப் பெரிதாகப் பாடாய்ப்படுத்துகிறவை பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. தொழுநோய்க் கிருமி இன்னும் மோசம், 1873-ல் ஹான்சன் பார்த்த கிருமியை இன்றுவரை எந்த ஊடகத்திலும் வளர்க்க முடியவில்லை.

இப்படி வாரக்கணக்கில் காத்திருந்து வளர்த்த பிறகுதான் அது யார் என்ற வேலையே தொடங்கும். பழைய நாட்களில் நியாசின் சோதனை, நைட்ரேட் சோதனை, டிசிஎச் என்ற வேதிப்பொருள் கலந்த ஊடகத்தில் வளர்கிறதா என்ற சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வோம், ஒவ்வொன்றுக்கும் புதிதாக வளர்ந்த கிருமி நிறைய வேண்டும், திரும்பக் காத்திருப்பு. நியாசினும் நைட்ரேட்டும் பாசிட்டிவ் என்றால் டியூபர்குளோசிஸ், இரண்டும் நெகட்டிவ் என்றால் போவிஸ் பக்கம் என்று எழுதுவோம். நடுவில் நிற்கும் கிருமிகள் இந்தச் சல்லடையில் சரியாகப் பிரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. போவிஸுக்குக் கிளிசரால் பிடிக்காது, அதைச் சரியாக உணவாக்கிக்கொள்ள அதனால் முடியாது, பைருவேட் சேர்த்த ஊடகம் வேண்டும். வழக்கமான ஊடகத்தில் கிளிசரால்தான் இருக்கிறது. பைருவேட் ஊடகம் வைத்திருக்காத ஆய்வகத்தில் போவிஸ் வளராமல் போய், ‘எங்கள் பகுதியில் போவிஸ் இல்லை’ என்ற முடிவுக்கு வருவது சாத்தியம். எதைத் தேடுவதற்கு ஏற்பாடு வைத்திருக்கிறோமோ அதுதான் கிடைக்கும் என்பதை நான் இந்த வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

மரபணுவைப் படிக்க முடிந்த பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மற்ற பாக்டீரியாக்களை இனம் பிரிக்க 16எஸ் என்ற மரபணுவைப் படித்தால் பெரும்பாலும் போதும், ஆனால் காசநோய்க் குடும்பத்தில் அந்த மரபணு எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். 1998-ல் டியூபர்குளோசிஸ் கிருமியின் முழு மரபணு வரிசை, சுமார் 44 லட்சம் எழுத்துகள், வெளியானது. அதன் பிறகு ஒவ்வொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் எந்தக் கிருமியில் எந்தத் துண்டு விடுபட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஓலைச்சுவடி பதிப்பித்தவர்கள் செய்த வேலை மாதிரிதான் இது. ஒரு சுவடியில் ஓர் ஏடு தொலைந்துவிட்டால் அதைப் பார்த்து எழுதிய படிகள் எதிலும் அந்த ஏடு இருக்காது, அதை வைத்தே எந்தப் படி எதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இந்தக் கிருமிகள் மற்ற பாக்டீரியாக்களைப் போல ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுவைக் கடன் வாங்கிக்கொள்வதில்லை, அதனால் போன துண்டு போனதுதான். அந்தத் துண்டுகளுக்கு ஆர்டி 1, ஆர்டி 4, ஆர்டி 9 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். மாட்டிலிருந்துதான் மனிதனுக்குக் காசநோய் வந்தது என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள், 2002-ல் இந்தத் துண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அந்தக் கதை நிற்கவில்லை, ஏனென்றால் மாட்டுக் கிருமிதான் அதிகத் துண்டுகளை இழந்திருந்தது. இழந்ததிலிருந்து இழக்காதது பிறக்க முடியாதே.

ஆர்டி 9 இல்லை, ஆர்டி 4 இருக்கிறது, ஆர்டி 12 இல்லை என்று வந்தால் ஓரிகிஸ் என்று சந்தேகிக்கலாம், உறுதி செய்ய முழு வரிசையையும் படிக்க வேண்டும். போவிஸில் ஆர்டி 4-உம் போயிருக்கும். சந்தேகிக்கும் அளவுக்கு ஒரு பிசிஆர் மெஷினும், தேடும் துண்டைக் கண்டுபிடிக்க உதவும் பிரைமர்கள் என்ற சிறு மரபணுத் துணுக்குகளும் போதும், ராக்கெட் விடும் செலவு ஒன்றுமில்லை.

சரி, ஓரிகிஸுக்கு வருகிறேன். ஓரிக்ஸ் என்ற நீண்ட கொம்பு மானிடம் முதலில் கண்டதால் ஆய்வகங்களில் இதை ரொம்ப நாளாக ‘ஓரிக்ஸ் பேசில்லஸ்’ என்று மட்டும் அழைத்துவந்தார்கள், முறையான இடம் கிடையாது. 2012-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த யாக்கோ வான் இங்கன் உள்ளிட்ட குழு, பல இடங்களில் பல ஆண்டுகளில் சேர்ந்த மாதிரிகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, இது போவிஸும் இல்லை, காப்ரேயும் இல்லை, தனி என்று காட்டி ஓரிகிஸ் என்ற பெயரை முன்வைத்தது. அவர்கள் ஆராய்ந்த மனித மாதிரிகள் தெற்காசியப் பின்னணி கொண்டவர்களிடமிருந்து வந்தவை என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் நியூசிலாந்திலிருந்து ஒரு அறிக்கை வந்தது, இந்தியாவிலிருந்து அங்கே போய்க் குடியேறிய ஒரு பெண்ணிடமிருந்து ஒரு பால்மாட்டுக்கு இந்தக் கிருமி போயிருக்கிறது. மாட்டிலிருந்து மனிதனுக்கு என்றுதான் நாம் எப்போதும் பேசுகிறோம், இங்கே திசை மாறி நடந்திருக்கிறது. பிறகு நேபாளத்தின் சித்வான் தேசியப் பூங்காவில் இறந்த காண்டாமிருகத்தில் கண்டார்கள். வங்கதேசத்தில் பால்மாடுகளிலும் பிடித்து வைத்திருந்த குரங்குகளிலும் கண்டார்கள். சென்னையில் ஒரு மாட்டிலிருந்து பிரித்தெடுத்த ஓரிகிஸின் மரபணு வரிசை 2019-ல் வெளியானது, சென்னையிலேயே குளம்புள்ள காட்டு விலங்குகளிலும் இது இருப்பதாகப் பின்னர் எழுதினார்கள். மானின் பெயரை வைத்துக்கொண்டிருந்தாலும் இதன் வீடு தெற்காசியக் கால்நடைகள்தான் என்ற எண்ணம் இப்போது வலுத்துவருகிறது.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலூர் ஆய்வு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2018 அக்டோபரிலிருந்து 2019 மார்ச் வரை கல்ச்சரில் வளர்ந்த 940 மாதிரிகளை எடுத்து ஒவ்வொன்றும் எந்தக் கிருமி என்று பார்த்தார்கள், முடிவு 2020-ல் வெளியானது. 97 சதவீதம் டியூபர்குளோசிஸ், எதிர்பார்த்ததுதான். 7 பேருக்கு ஓரிகிஸ். சிலரிடம் பிசிஜி தடுப்பூசிக் கிருமியே (அது வலுவிழக்கச் செய்த போவிஸ் ரகம்) இருந்தது, இன்னும் சிலரிடம் காசநோய் அல்லாத வேறு மைக்கோபாக்டீரியாக்கள். மாட்டுக் காசநோய்க்குக் காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும் போவிஸ், தடுப்பூசி ரகத்தைத் தவிர்த்தால், ஒருவரிடமும் இல்லை.

எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது. 940-ல் 7 என்பது ஒரு சதவீதம்கூட இல்லையே என்று சொல்வார்கள், உண்மைதான், யாரும் பயப்பட வேண்டிய எண்ணிக்கை இல்லை. அந்த மருத்துவமனைக்கு நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள் என்பதால் இதைத் தமிழ்நாட்டின் கணக்கு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் உலகக் காசநோயாளிகளில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கிறார்கள், அவ்வளவு பெரிய கூட்டத்தில் சிறிய சதவீதமும் நிறைய மனிதர்கள்தான். அதைவிட முக்கியம், விலங்கிலிருந்து வரும் காசநோயைத் தடுப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் முதலியவை சேர்ந்து 2017-ல் வெளியிட்ட செயல்திட்டம் போவிஸை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. போவிஸ் இல்லை என்றால் விலங்குவழி காசநோய் இல்லை என்று எழுதிவிடும் பழக்கம் அதனால் வந்தது. இந்தியாவில் மாட்டுக் காசநோய் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2018-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள், 2 கோடிக்கும் அதிகமான மாடுகளுக்குத் தொற்று இருக்கலாம் என்கிறது அது. அந்த மாடுகளில் எத்தனையில் இருப்பது போவிஸ், எத்தனையில் ஓரிகிஸ், எத்தனையில் மனிதர்களிடமிருந்து போன டியூபர்குளோசிஸ்? மாட்டின் தோலில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் டியூபர்குலின் சோதனை இதைச் சொல்லாது, அது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் வீங்கும்.

சிகிச்சைக்கு இதனால் என்ன வித்தியாசம் என்று மருத்துவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்று பைரசினமைடு. போவிஸுக்கு அந்த மருந்து இயல்பிலேயே வேலை செய்யாது, அதன் பிஎன்சிஏ மரபணுவில் உள்ள மாற்றம் காரணம். ஓரிகிஸுக்குப் பொதுவாக வேலை செய்கிறது. ஆக, போவிஸ் என்று தெரிந்தால் மருந்துத் திட்டத்தை மாற்ற வேண்டும், ஓரிகிஸ் என்றால் பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டையும் பிரிக்காமல் ‘மாட்டு டிபி’ என்று ஒரே சீட்டு ஒட்டினால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். சிகிச்சை மாறாவிட்டாலும், நோய் எங்கிருந்து வந்தது, வீட்டில் வேறு யாருக்கு வந்திருக்கும், தொழுவத்தில் எந்த மாடு இளைத்துக்கொண்டே போகிறது என்ற கேள்விகளுக்குப் பதில் கிருமியின் பெயரில்தான் தொடங்குகிறது.

இங்கே இன்னொரு சண்டையையும் சொல்லிவிட வேண்டும். வகைப்பாட்டியல்காரர்கள் இரண்டு பாக்டீரியாக்களின் மரபணு வரிசை 95, 96 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே சிற்றினம் என்று வைத்திருக்கிறார்கள். காசநோய்க் குடும்பத்தில் எல்லோரும் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறார்கள். அதனால் 2018-ல் ஒரு குழு, போவிஸ், ஆப்பிரிக்கானம், காப்ரே எல்லாம் தனிச் சிற்றினங்களே இல்லை, எல்லாம் டியூபர்குளோசிஸின் வகைகள்தான், ஓரிகிஸும் அப்படித்தான் என்று எழுதியது. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. அதே ஆண்டில் இன்னொரு குழு மைக்கோபாக்டீரியம் பேரினத்தையே ஐந்தாக உடைத்துப் புதுப் பெயர்கள் வைத்தது, மருத்துவர்கள் பலர் நோயாளிக்குக் குழப்பம் என்று எதிர்த்தார்கள், பழைய பெயர்களும் செல்லும் என்பதால் இன்றும் பலர் பழையதையே எழுதுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், சிற்றினம் என்று வைத்தாலும் வகை என்று வைத்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் ஓரிகிஸ் என்ற சொல் ரிப்போர்ட்டிலிருந்து போய்விடக் கூடாது. எந்தப் படிநிலையில் வைப்பது என்பது நூலகத்தில் தீர்க்க வேண்டிய விஷயம், எது என்று சொல்வது நோயாளிக்கு உடனே வேண்டியது.

பெயர் வைப்பதை வெட்டி வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கைமேரா என்ற மெதுவாக வளரும் மைக்கோபாக்டீரியத்தை 2004-ல்தான் இத்தாலிய ஆய்வாளர் தோர்தோலியின் குழு தனிச் சிற்றினமாகப் பிரித்தது, அதுவரை அது இன்ட்ராசெல்லுலாரே என்ற கிருமியோடு கலந்து கிடந்தது. பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துக் காரணம் புரியாத காய்ச்சலும் வால்வுத் தொற்றும் வந்தது, 2013-ல் முதல் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோரிடமும் கைமேரா. துருவிப் பார்த்ததில் அறுவை அரங்கில் ரத்தத்தின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின் தண்ணீரிலிருந்து காற்றில் கலந்து வந்திருக்கிறது, ஒரே மாதிரியான கருவி பல நாடுகளில் இதே வேலையைச் செய்திருக்கிறது. அந்தப் பெயர் முன்பே பிரிக்கப்படாமல் இருந்திருந்தால், அங்கே ஒருவர் இங்கே ஒருவர் என்று சிதறிக் கிடந்த நோயாளிகளை ஒரு நூலில் கோர்ப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! புதுச் சிற்றினம் என்று ஏற்றுக்கொள்ளவே, அதன் மாதிரியை உயிரோடு இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, உலகில் யார் சந்தேகப்பட்டாலும் வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். மெதுவாக வளரும் கிருமிக்கு இந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குச் சம்பளமும் மரியாதையும் கொடுக்க வேண்டும்.

இப்போது நம் ஊரில் செய்யக்கூடியது. எல்லா நோயாளிக்கும் எல்லாப் பரிசோதனையும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் கல்ச்சரில் வளர்ந்தவற்றில் ஒரு பகுதியையாவது, குறிப்பாக நுரையீரல் அல்லாத இடங்களில், கழுத்து நெறிக்கட்டி, வயிறு, எலும்பு ஆகியவற்றில் வந்த காசநோயின் மாதிரிகளை, சிற்றினம் வரை பிரித்துப் பாருங்கள். சென்னையில் 1956 முதல் காசநோய் ஆராய்ச்சி நடந்துவருகிறது, மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டிய ஊர் இது, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இங்கேயே இருக்கிறது. இரண்டு பக்கத்து மாதிரிகளும் ஒரே மேசைக்கு வரவேண்டும், இறைச்சிக் கூடத்தில் சந்தேகத்துக்குரிய கட்டியோடு தெரியும் நுரையீரலும் சேர்த்து.

அறுவை மருத்துவர்களிடம் ஒரு கெஞ்சல். நெறிக்கட்டியை வெட்டி எடுத்தால் முழுவதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி வந்து வீணான மாதிரிகள் எத்தனையோ. ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், கல்ச்சர் போட வழியே இல்லை, நோயாளியை இன்னொரு தடவை வெட்டச் சொல்லவும் முடியாது. ஒரு துண்டைச் சாதாரண சலைன் தண்ணீரில் போட்டுத் தனியாக அனுப்புங்கள், நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். அதோடு விண்ணப்பத்தில் ‘வீட்டில் மாடு உண்டா, காய்ச்சாத பால் குடிப்பீர்களா’ என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டு எழுதுங்கள்.

மாடு வளர்க்கிறவர்கள் பயந்து மாட்டை விற்க ஓட வேண்டாம். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் இந்தக் கிருமிகள் செத்துவிடும், பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் வெப்பத்துக்கும் அவை தாங்காது. பச்சைப் பால் உடம்புக்கு நல்லது என்று இப்போது சிலர் கிளப்பிவிடுவதை மட்டும் நம்பாதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாடு நல்ல தீனி தின்றும் இளைத்துக்கொண்டே போனால், விடாமல் இருமினால், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது டிபி என்றால் சிகிச்சை தொடங்கிய ஆரம்ப வாரங்களில் தொழுவ வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வேளாண் பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவரையும் ஒரு காசநோய் மருத்துவரையும் சேர்த்து உட்காரவைத்து இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பால் கூட்டுறவுச் சங்கங்களின் தகவல் பலகையில் வெட்டி ஒட்டும் அளவுக்கு எளிமையாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுண்ணுயிரியலாளர்,
வேலூர் மாவட்டம்